பகல் மோட்டார்

"மாமா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா? ஒரு கை வேணும்."

வேம்பு அறைக்குள்ளிருந்து கூப்பிட்டதும் வைரக்கண்ணு படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அது மகனும் மருமகளும் இருக்கிற அறை. நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சமயத்தில், மின்விசிறி மாட்டுகிறவனுக்கு ஏணி பிடிக்க அதற்குள் போனதோடு சரி. அதற்கப்புறம் அந்த நிலைப்படியை அவர் தாண்டியதில்லை. மகன் பகலவன் ஷார்ஜாவுக்குப் போய், தன் மனைவியும் காலமாகி, வீட்டில் அவரும் மருமகளும் மட்டும்தான் என்று ஆகி இரண்டு வருஷம் ஓடிவிட்ட பிறகும் அப்படித்தான். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதானால்கூட ஒரு தடவை கனைத்துவிட்டுத்தான் போவார். அவள் சாப்பிட்டாளா என்று தெரியவேண்டுமானால், "சோறு மிச்சம் இருக்கா?" என்று தனக்குக் கேட்பதுபோலக் கேட்பார். இந்தச் சட்டமெல்லாம் யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. மாமனார் என்றால் இப்படி இருப்பதுதான் மரியாதை என்று அவராக முடிவு பண்ணிக்கொண்டது. அந்த மரியாதை சில நாள் ஒருவருக்கொருவர் பேசாமலேயே பொழுதைப் போக்க வைத்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கனைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தரையில் பழைய பேப்பரை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கப்போட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தாள் வேம்பு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தாள். அதிலிருந்து மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாகக் கற்றை கற்றையாக ஒயர்.

"இதுதான் மாமா எஸ்எம்பிஎஸ். கரண்ட வாங்கி உள்ள இருக்குற எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்குறது இதுதான். இதுலதான் ஏதோ கோளாறு."

"ஓ" என்றார் வைரக்கண்ணு. எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கட்டிலில் உட்காரக் கூடாது. நாற்காலி அவளுடையது. கடைசியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, பேப்பருக்கு அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தார்.

இருபது நாளாக இந்தக் கூத்துதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர், ஒரு வார்த்தை சொல்லாமல், பொசுக்கென்று அணைந்துவிடும். சில நாள் காலையில் பத்து மணிக்கு, சில நாள் மத்தியானம். சில நாள் ஒன்றுமே ஆகாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் ஆறு மாதமாகிறது என்பதால் அதையும் குற்றம் சொல்ல முடியாது. வேம்பு மூன்று முறை அதைத் துண்டில் சுற்றி, பூதலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய்வந்துவிட்டாள். இரண்டாம் தடவை, கைப்பிள்ளை என்று நினைத்து ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார்களாம். கடைக்காரர் கலந்தர் நாணயமான மனுஷர். பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார். அங்கே அது சமர்த்தாக ஓடும். வீட்டுக்கு வந்தால் மறுநாளே படுத்துக்கொள்ளும். மூன்றாம் தடவை கலந்தருக்கே விழி பிதுங்கிவிட்டது. "நல்லா இருக்குறதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. வீட்டுலயே வச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று தன் மீட்டரைக் கையில் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வேம்புவின் வேலை என்ன என்று வைரக்கண்ணு ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் ஒருத்தனுக்கு வயிற்றுவலி வந்தால், டாக்டர் எழுதிய சீட்டைப் படித்து, அந்த வயிற்றுவலிக்கு உண்டான நம்பரை இவள் போட வேண்டும். நம்பர் இல்லாத வியாதிக்கு அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. இந்த விவரத்தை அவர் டீக்கடையில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து. சென்னையில் இவளுக்கு மேலே இருக்கிற அம்ருதா என்ற பெண், "வேம்பு, நீங்க நல்லா வேல பாக்குறீங்க. ஆனா பாதியில பாதியில காணாமப் போறீங்க" என்று வருத்தமாகத்தான் சொல்லியிருந்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு சோதனை. அந்த நாலு மணி நேரத்தில் ஒருதரம் தொடர்பு அறுந்தாலும், திங்கட்கிழமை முதல் சென்னை ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி தோசை வைக்கும்போது இதைச் சொன்னாள். வைரக்கண்ணு "சரிம்மா" என்றார். அப்புறம் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

அவள் ஏன் இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. மாமியார் காரியம் முடிந்ததும் சென்னை ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, பெட்டியும் கம்ப்யூட்டருமாக வந்து இறங்கினாள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்கம்பக்கத்தில் யாரோ அதைக் கேட்டபோது, "இங்கதான் நெட்டு நல்லா வருது" என்றாளாம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கேட்கப்போய், அவள் யோசிக்கப்போய், போய்விட்டால் என்ன செய்வது? அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி மூன்று வேளையும் அடுப்பெரிந்தது. திங்கட்கிழமை அவள் போய்விட்டால் அடுப்பு மட்டுமா அணையும் என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

"இந்தப் பச்ச ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சேத்துட்டா, கம்ப்யூட்டர் இல்லாமலே இது ஓடணும்" என்று வேம்பு தாளைப் பார்த்துப் படித்தாள். "பேப்பர் கிளிப்ப வளச்சுச் சொருகணுமாம். நம்ம வீட்ல கிளிப்பு இல்ல." தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள்.

"அது வேணாம். மேல பெயிண்ட்டு இருக்கும், ஒட்டாது" என்றார் வைரக்கண்ணு. போய், வேலி கட்ட வைத்திருந்த கட்டுக்கம்பியில் ஒரு விரற்கடை வெட்டிக்கொண்டு வந்தார். துருவைக் கல்லில் தேய்த்துவிட்டு நீட்டினார். அவள் அதை வளைத்து, பச்சைக்கு ஒரு கால், கறுப்புக்கு ஒரு கால் என்று சொருகினாள். சும்மா ஓட்டினால் உண்மை தெரியாது, கொஞ்சம் பாரம் கொடுக்க வேண்டும் என்று கலந்தர் எழுதியிருந்தார். அதற்காகப் பழைய சிடி டிரைவ் ஒன்றையும் மாட்டினாள்.

"கைய எடுத்துக்குங்க மாமா."

சுவிட்சைப் போட்டாள். சாம்பல் பெட்டியின் விசிறி சுற்றியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆங்" என்றார்கள். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

மீட்டர் ஒயரின் இரண்டு முனையையும் வைத்து அவள் ஒவ்வொரு நிறமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மஞ்சளில் பன்னிரண்டு இருக்க வேண்டும், பதினொன்று புள்ளி ஒன்பது இருந்தது. சிவப்பில் ஐந்து இருக்க வேண்டும், ஐந்துக்கு ஒரு மயிரிழை கூடவே இருந்தது. வைரக்கண்ணு தாளைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது ஆரஞ்சு" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மொத்தமாகப் பேசியதைவிட அந்த அரை மணி நேரத்தில் அதிகம் பேசியிருப்பார்கள். அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இப்படி ஒரு நேரத்தில் சந்தோஷப்படலாமா என்று தன்னையே கடிந்துகொண்டார். ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் வேம்பு. குரல் தொய்ந்துவிட்டது. "பின்ன எதுக்கு மாமா நிக்கிது?"

"சுவத்துல எவ்வளவு வருதுன்னு பாத்தியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"லைன்ல வர்ற கரண்ட்டும்மா. இந்தப் பெட்டியப் பாத்துட்டே இருக்கோமே, இதுக்குள்ள போறது எவ்வளவுன்னு பாக்க வேணாமா? இப்படிக் குடு, அது எனக்குத் தெரியும். நீ விசிறியப் பாத்துக்கிட்டு இரு."

மோட்டார் மெக்கானிக்குகளோடு முப்பது வருஷம் பழகியவர். மீட்டரின் திருகைப் பெரிய எண்ணுக்குத் திருப்பி, எக்ஸ்டென்ஷன் போர்டின் பக்கத்து ஓட்டையில் இரண்டு முனையையும் சொருகினார். 198 என்று காட்டியது. 230 வர வேண்டிய இடம்தான், ஆனால் இந்த ஊரில் அதுவே பெரிய விஷயம். 199, 198, 199 என்று நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்து நிமிஷம் போனது. வேம்பு முழங்காலைக் கட்டிக்கொண்டு விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்துக் கடிகாரம் பதினொன்றரை ஆனதைச் சொன்னது. வழக்கமாக அவர் மோட்டார் போடுகிற நேரங்களில் அதுவும் ஒன்று. வயலுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. போர்செட்டில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தது. செல்லில் அந்த நம்பரைக் கூப்பிட்டால் இங்கிருந்தே மோட்டார் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். மேலண்டை வயலில் தண்ணீர் நிரம்ப ஆரம்பித்ததும் போய் மடை திருப்பினால் போதும். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குள் போனது. மோட்டார் நம்பரை அழுத்திக் காதில்கூட வைக்காமல் திரும்பப் பைக்குள் போட்டார்.

198 என்று இருந்தது 190 ஆயிற்று. 171. 158.

சாம்பல் பெட்டியின் விசிறி தள்ளாடி நின்றது.

"பாருங்க! நின்னுருச்சு பாருங்க!" என்று வேம்பு கத்தினாள். "எதுவுமே பண்ணல, சும்மாவே நின்னுருச்சு!"

வைரக்கண்ணு சட்டென்று மீட்டரைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பைக்குள்ளேயே விரலை விட்டு, தடவித் தடவி, மறுபடி அந்த நம்பரைக் கூப்பிட்டார். 158 ஏறி 199 ஆயிற்று. அவள் சுவிட்சை அணைத்துப் போட்டாள். விசிறி சுற்றியது. ஒருவேளை தற்செயலாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டு மறுபடி மோட்டாரைப் போட்டார். 158. விசிறி நின்றது. அணைத்தார். இதற்கு மேல் வேண்டுவதற்கு ஒன்றுமில்லை.

இருபது நாளுக்கு முன்னால் மோட்டார் கொட்டகையில் அவர் ஒரு கண்டன்சர் மாட்டியிருந்தார். த்ரீ ஃபேஸ் கரண்ட்டில் ஓட வேண்டிய மோட்டாரை, பகலில் வருகிற டூ ஃபேஸிலேயே இழுத்து ஓட்டுகிற குறுக்குவழி அது. மின்வாரியத்துக்காரர் பார்த்தால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள். பக்கத்து வீடுகளில் விளக்கு மங்கும், விசிறி சோம்பும். அது அவருக்குத் தெரியாததல்ல. பகலில் விளக்கு எதற்கு, விசிறி எப்போதும் சோம்பல்தானே என்று மனசைச் சமாதானப்படுத்தியிருந்தார். ஆவணி மாதம், குறுவை பால் பிடிக்கிற நேரம். வாய்க்காலின் கடைசி வயலான அவர் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்து சேருவதற்குள் மண்ணே குடித்துவிடுகிறது. த்ரீ ஃபேஸோ இந்த மாதம் அவர்கள் லைனுக்கு ராத்திரியில்தான். ராத்திரியில் போய்த் தண்ணீர் கட்டியிருக்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்.

ஆனால் மாசி மாதம் ஒரு ராத்திரி வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துபோயிற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் வேம்பு. கட்டு போட்டிருந்த நாற்பது நாளும், அவர் கூச்சப்படாமல் ஒரு கையால் சாப்பிடட்டும் என்று, எல்லாவற்றையும் ஸ்பூனில் எடுக்கிற மாதிரியே சமைத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கட்டுப் பிரித்த அன்றைக்கு மாமியார் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "இனிமே ராத்திரி வயலுக்குப் போக மாட்டேன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க" என்றாள். அவரும் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றத்தான் கண்டன்சர்.

இப்போது என்ன செய்வது? மோட்டாரை அணைத்தாயிற்று. ஐந்து மணிவரை போடாமல் இருந்தால் கம்ப்யூட்டர் ஓடும். அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை. மூன்று தடவை பஸ்ஸில் சுமந்தது, இருபது நாள் சென்னைப் பேச்சு வாங்கியது எல்லாம் யாரால் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும். ஒரு வார்த்தை பேசாமல் தப்பித்துவிடலாம்.

வேம்பு ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்ட ஆரம்பித்தாள். கட்டுக்கம்பியை உருவிக் கீழே வைத்தாள்.

"எதுக்கு மாமா உங்களையும் கஷ்டப்படுத்திக்கிட்டு. இது ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் நிக்கிது. இத நம்பி ஒரு மணிக்கு உக்கார முடியாது. அம்ருதாகிட்ட நானே சொல்லிடறேன், திங்கக்கிழம வந்துடறேன்னு." கட்டிலில் கிடந்த செல்லை எடுத்தாள். நம்பரைத் தேடுகிற விரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேம்பு."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். அவள் விரல் நின்றது.

"பெட்டி நல்லா இருக்கும்மா. என் மோட்டாருதான்."

அவளுக்குப் புரியவில்லை. வைரக்கண்ணு மீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பையிலிருந்து செல்லை எடுத்து, அவள் பார்க்கும்படியாக, மோட்டார் நம்பரை அழுத்தினார். எண்கள் சரிந்தன. தலைக்கு மேலே மின்விசிறி இளைத்தது. மறுபடி அழுத்தினார். எண்கள் ஏறின. இத்தனையும் நடந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்டன்சர் போட்டு ஓட்டுறேன். தப்புதான். இருவது நாளா."

"இருவது நாளா?" வேம்பு மெல்ல எழுந்து நின்றாள். "மூணு தடவ மாமா. மூணு தடவ அதத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போனேன். நம்ம வீட்லதான் நீங்களும் இருக்கீங்க. இப்படி ஒண்ணு மாட்டியிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேன். சாப்பாடு இருக்கான்னு கேக்கத் தெரியுது, இதச் சொல்லத் தெரியலயா?"

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டார். வாங்க வேண்டியதுதான்.

"ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டா முடிஞ்சிருக்கும். இன்னிக்கு ஒரு மணிக்குள்ள யாரு கொண்டாந்து தருவா? ஏன் மாமா பகல்ல ஓட்டுறீங்க? த்ரீ ஃபேஸ் ராத்திரிதான வருது, ராத்திரி..."

நிறுத்திவிட்டாள்.

வைரக்கண்ணு, மோட்டார் விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தார். ஆனால் அவள் கண் கூடத்துப் பக்கம், மாமியார் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் போய்விட்டது.

"ராத்திரி போகக் கூடாதுன்னு நீ சொன்னல்ல" என்றார் கடைசியில், மன்னிப்புக் கேட்பதுபோல.

வேம்பு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் துப்பட்டாவின் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்ப்பது முறையல்ல என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சென்னைக்குப் போறதுன்னா போம்மா" என்றார் அவர். "அது உன் இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என் மோட்டாரால போவக் கூடாது. அது எனக்குத் தாங்காது."

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா?" என்றாள் வேம்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "இன்னிக்குத் தண்ணி விடலன்னா பயிர் என்னாகும்?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் தாங்கும்."

"நெசமாவா?"

"தாங்கும்மா. நீ பெட்டிய மாட்டு."

தகடு மாட்ட அவர் பிடித்துக்கொண்டார், அவள் திருகாணி முடுக்கினாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வைரக்கண்ணு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வயலுக்கு நடந்தார். வீட்டில் இருந்தால் பழக்கதோஷத்தில் கை மறுபடி பைக்குள் போய்விடுமோ என்று பயம்.

தாங்கும் என்று சொன்னது முழுப் பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. மேலண்டை வயலில் மண் வெடிப்பு விட்டிருந்தது. நாலு நாள் முன்னால் பூவாக இருந்த கதிரைப் பிடித்து நசுக்கினால் விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. இந்தப் பால்தான் அரிசியாக வேண்டும். வெயில் ஏற ஏற இலைகள் நீளவாக்கில் சுருண்டுகொண்டன. கொட்டகை நிழலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பார்க்கத் தாளவில்லை. எழுந்து, மண்வெட்டியை எடுத்து, இல்லாத தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி மடைகளைச் சரி செய்தார். இரண்டு மணிக்கு வரப்பில் பக்கத்து வயல்காரர் நல்லக்கண்ணு வந்தார். "என்னண்ணே, இன்னிக்கு மோட்டார் சத்தத்தக் காணோம்?" என்றார். "மருமவளுக்கு ஆபீஸ்ல முக்கியமான வேல" என்றார் வைரக்கண்ணு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நல்லக்கண்ணு நின்று யோசித்துவிட்டுப் போனார்.

மூன்று மணி. மூன்றரை. செல்லை எடுத்து எடுத்துப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் அதையும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் நின்றிருந்தால் இந்நேரம் அவள் கூப்பிட்டிருப்பாள், கூப்பிடாததால் ஓடுகிறது என்று ஒரு தரமும், நின்றிருந்தால் எதற்குக் கூப்பிடப் போகிறாள் என்று மறு தரமும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணி தாண்டி ஆறாவது நிமிஷம் செல் மணி அடித்தது.

"மாமா."

"சொல்லும்மா."

"நிக்கல. நாலு மணி நேரமும் நிக்கவே இல்ல."

வைரக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சென்னையில என்ன சொல்றாங்க?"

"திங்கக்கிழமதான் சொல்வாங்களாம்." அந்தப் பக்கம் ஒரு சுவிட்ச் அணைகிற சத்தம். "சரி, நீங்க மோட்டாரப் போடுங்க. நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். இருட்டுறதுக்குள்ள வந்துடணும்."

"வந்துடறேன்."

அவள் வைக்கவில்லை. அவருக்கும் வைக்கத் தோன்றவில்லை. செல்லைக் காதில் வைத்தபடியே கொட்டகைக்குள் போய், பச்சைப் பொத்தானைக் கையாலேயே அழுத்தினார். மோட்டார் முக்கி முனகிச் சுற்றியது. குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் செம்மண் கலங்கலாக ஒரு வாய், அப்புறம் தெளிந்து திமுதிமுவென்று கொட்டியது. வெட்டி வைத்திருந்த வாய்க்காலில் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாயைத் திறந்தார். மாமனார் மருமகளிடம் அதையெல்லாம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

குனிந்து, செல்லைக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார்.

சாரல் தெறித்துத் திரை நனைந்தது. அந்த ஈரத்துக்கு அடியில் வேம்பு என்ற பெயரும், ஓடிக்கொண்டே இருந்த நொடிகளும் தெரிந்தன.